பீப்பாயை இறக்குகிற நாட்கள்

வாரத்தில் மூன்று நாள் பீப்பாயை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கி, ஆஸ்பத்திரியில் ஒப்படைத்து, அவன் ரத்தம் சுத்தமாகிற வரைக்கும் வெளியே காத்துக் கிடந்து, திரும்பவும் மூன்றாம் மாடிக்கு ஏற்ற வேண்டும். சொல்வதற்கு ஒரு வரிதான். தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அவன் எங்களோடு பட்டாளத்தில் இருந்தவன். அப்போதே அவனுக்குப் பீப்பாய் என்றுதான் பெயர். எங்கள் பிரிவிலேயே கனமான உடம்பு அவனுடையது. குச்சி குச்சியாக அத்தனை பேர் நின்றுகொண்டிருக்க, போயும் போயும் அந்தக் குண்டு அவன் தொடையில்தானா பாய வேண்டும்? அன்றைக்குத் தூக்க ஆரம்பித்தோம். இன்னும் இறக்கி வைத்தபாடில்லை.

நாங்கள் என்றால் மூன்று பேர். நெட்டை, டிரைவர், நான். நெட்டை பட்டாளத்தை விட்டு வந்து ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்றான். இப்போது முழங்கால் இரண்டும் போய் வீட்டில் இருக்கிறான். டிரைவர் அங்கே லாரி ஓட்டினான், இங்கே தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறான். குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு இடுப்பில் பெல்ட் போட்டிருக்கிறான். நான் ஒரு பெயிண்ட் கிடங்கில் வாட்ச்மேன். மூன்று பேர் உடம்பிலும் நல்ல பாகமாகப் பொறுக்கி எடுத்தால் உருப்படியாக ஒரு ஆள் தேறுவான்.

என் பெயர் அவர்களுக்கு மறந்தே போயிருக்கும். புலம்பல் என்றுதான் கூப்பிடுவார்கள். வெயிலுக்குப் புலம்புவேன், குளிருக்குப் புலம்புவேன், கொடுக்கிற சோற்றுக்குப் புலம்புவேன். அதற்காக எந்த வேலையையும் செய்யாமல் விட்டதில்லை. வேலையும் செய்வேன், வாயும் ஓடும்.

பீப்பாய்க்கு அந்த வீட்டை ஒதுக்கியவன் எவன் என்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்கலாம். முன்னாள் சிப்பாய்களுக்கான குடியிருப்பு என்று பெரிய போர்டு போட்டிருக்கிறார்கள். தொடையில் குண்டடி பட்டவனுக்கு மூன்றாம் மாடி. லிஃப்டுக்கு என்று கட்டிய கூண்டு இருக்கிறது, லிஃப்ட் இல்லை. அதற்குள் ஓட்டை சைக்கிள்களும் காய்ந்து கல்லான சிமெண்டு மூட்டைகளும் கிடக்கின்றன. அப்போதெல்லாம் அவன் காலை விறைப்பாக இழுத்து இழுத்து ஏறிவிடுவான். பிறகு சர்க்கரை வந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்தார்கள். அதோடு விட்டதா? சிறுநீரகமும் போயிற்று.

முதலில் கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தார்கள். வந்தவர்கள் அவனைச் சுவரில் இரண்டு முறை இடித்துவிட்டு மறுநாளிலிருந்து காணாமல் போனார்கள். அவன் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள், என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள், ஒருநாள் போன் செய்து அழுதாள். மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பேரும் போய் நின்றோம்.

கைப்பிடி வைத்த மர நாற்காலி ஒன்று தயார் செய்தோம். முன்கால்கள் இரண்டையும் இணைத்து ஒரு குறுக்குக் கட்டை, கீழே பிடிப்பவனுக்கு. அவன் இடுப்பைச் சுற்றி நாற்காலியோடு சேர்த்து ஒரு வார். நெட்டை மேலே நின்று நாற்காலியின் முதுகைச் சாய்த்துப் பிடிப்பான். நான் கீழே நின்று குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே படி இறங்குவேன். உண்மையில் உயரமானவன் கீழே நிற்பதுதான் முறை. ஆனால் நெட்டையின் முழங்கால் பின்பக்கமாக இறங்காது. அதனால் பாரம் முழுக்க என் நெஞ்சின் மேல் வரும். பீப்பாயின் முகமும் என் முகமும் நேருக்கு நேராக இருக்கும். டிரைவர் பக்கத்திலேயே இறங்கி வந்து, யாரை விடுவிக்க வேண்டுமோ அவர்களை விடுவிப்பான்.

இந்த விடுவிப்பதற்கு ஒரு முறை உண்டு. அது மலையில் பழகியது. பீப்பாய்க்குக் குண்டடி பட்டபோது பனிமூட்டத்தில் ஹெலிகாப்டர் வரவில்லை. எங்கள் சமையல்காரரையும் சேர்த்து நாலு பேர் அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கினோம். வழுக்குப் பாறை, ஒற்றையடிப் பாதை. புறப்படும்போது ஹவில்தார் ஒன்றே ஒன்று சொன்னார். களைத்தவன் தன் வாயால் மாற்றச் சொல்லக் கூடாது. பக்கத்தில் இருப்பவன் பார்த்துச் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றிச் சொல்பவன் ஒன்று சீக்கிரம் சொல்லிவிடுவான், இல்லையென்றால் வீம்புக்குச் சொல்லாமலே இருந்து எல்லாரையும் பள்ளத்தில் தள்ளிவிடுவான் என்பது அவர் கணக்கு. அப்படியே செய்தோம். அடுத்தவன் மூச்சைப் பார்த்து, கால் பின்னுவதைப் பார்த்து, "மாத்து" என்று குரல் கொடுப்போம். கொடுத்துவிட்டால் மறுபேச்சு இல்லை. பீப்பாய் உயிரோடு கீழே வந்து சேர்ந்தான். சமையல்காரர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. முறை மட்டும் எங்களை விடவில்லை.

விஷயம் என்னவென்றால், போன மாதம் என் நெஞ்சில் ஏதோ அடைத்தாற்போல் இருக்கிறதென்று டாக்டரிடம் போனேன். அவர் படம் எடுத்துப் பார்த்து, ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார். பீப்பாயை அவர் பார்த்ததில்லை. வீட்டில் என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்தாள்.

"போங்க, போய்த் தூக்குங்க. அப்புறம் உங்களத் தூக்க யார் வர்றாங்கன்னு நானும் பாக்கறேன்."

நான் போனேன். என் வாயால் சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பவன் பார்த்துச் சொல்லட்டும் என்று இருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நாற்பது வருஷப் பழக்கத்தை ஒரு எக்ஸ்-ரே படத்துக்காக விட்டுவிட முடியுமா? ஒவ்வொரு படியிலும் "அய்யோ அம்மா, பிராணன் போகுதே" என்று முனகினேன். யார் கண்டுகொண்டார்கள்? அதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே செய்துகொண்டிருக்கிறேனே. நெட்டை மேலிருந்து, "வாய மூடிட்டு எறங்குடா" என்றான். டிரைவர் சிரித்தான்.

அன்றைக்கு இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில், நிற்க இடமில்லாத படியில், எனக்குக் கண் இருட்டியது. இடது கை மரத்துப்போனது. முனகவும் வாய் வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக நான் பேசாமல் படி இறங்கிக்கொண்டிருந்தேன்.

"மாத்து," என்றான் பீப்பாய்.

எல்லாரும் அப்படியே நின்றோம். தூக்கப்படுகிறவனுக்கு அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை கிடையாது. மலையில் அவன் வலியில் கத்தினான், தண்ணீர் கேட்டான், எங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். இதை மட்டும் சொன்னதில்லை.

"உக்காந்திருக்கறவன் சும்மா இரு," என்றான் நெட்டை.

"மாத்துங்கடா. அவன் மூஞ்சியப் பாருங்க."

டிரைவர் எட்டிப் பார்த்தான். அடுத்த நொடி குறுக்குக் கட்டை அவன் கையில் இருந்தது. நான் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தேன். பின்னால் இறங்கி வந்த பீப்பாயின் மனைவி ஆஸ்பத்திரிப் பையில் வைத்திருந்த தண்ணீரை எடுத்து என் வாயில் ஊற்றினாள். சட்டையெல்லாம் நனைந்தது. என்னை நானே இழுத்துக்கொண்டு டிரைவரின் தண்ணீர் கேன் வண்டிக்கு வந்து சேர்ந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், பீப்பாயை உள்ளே படுக்க வைத்த பிறகு, நெட்டை என்னைப் பிடித்துக்கொண்டான். விசாரணை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"சொல்ல வேண்டியதுதானடா?"

"எப்ப சொல்லல? தெனமும் சொல்றேன், பிராணன் போகுதுன்னு."

"அத நீ பொறந்ததுலேருந்து சொல்ற," என்றான் நெட்டை. கோபத்தில் அவன் குரல் உடைந்தது. "எங்களுக்கு எப்படிடா தெரியும்?"

டிரைவர் எழுந்து போய் மூன்று காபி வாங்கி வந்தான். மூன்று பேரும் குடித்தோம். காபியைப் பற்றிக்கூட நான் குறை சொல்லவில்லை என்பதை இருவரும் கவனித்தார்கள் போலிருந்தது.

அன்று மதியம் அவனை ஏற்றுவதற்கு நெட்டையும் டிரைவரும் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒவ்வொரு நாலு படிக்கும் நாற்காலியை வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். என்னைத் தொடவே விடவில்லை. மேலே கொண்டுபோய்க் கட்டிலில் சேர்த்ததும் பீப்பாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"இதோட போதும். இனிமே யாரும் வர வேண்டாம்."

களைப்பில் பேசுகிறான் என்று நினைத்தோம். அடுத்த முறை போய்க் கதவைத் தட்டியபோது அவன் மனைவிதான் வெளியே வந்தாள். கையில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. "வர மாட்டேங்கறாரு அண்ணே. நான் சொல்லிப் பாத்துட்டேன்" என்றாள். உள்ளேயிருந்து பீப்பாய், "அனுப்பி வை அவங்கள" என்று கத்தினான். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அங்கிருந்த நர்ஸ் டிரைவரிடம் போனில் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு முறை விட்டதே தப்பு, இன்னொரு முறை விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அப்புறம் யார் கையிலும் எதுவும் இல்லை என்று.

எனவே அடுத்த நாள் காலை மூன்று பேரும் கிளம்பினோம். என் மனைவி சட்டையை எடுத்துக் கொடுத்தாள். எதையும் தூக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள். படியேறுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

பீப்பாய் கட்டிலில் தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தானாம். முகம் வீங்கி, கண் இடுங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. தையல் மெஷினில் பாதி தைத்த ஒரு பள்ளிக்கூடச் சட்டை ஊசிக்குக் கீழே அப்படியே கிடந்தது. அவன் மனைவி ஆஸ்பத்திரிப் பையைத் தயாராகத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

நெட்டை நாற்காலியை இழுத்து வந்து கட்டிலோரம் போட்டான். "டிரைவர், நீ அந்தப் பக்கம் பிடி." இருவரும் அவன் அக்குளில் கை கொடுத்தார்கள். பீப்பாய் கட்டிலின் இரும்புச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். இழுத்தார்கள். கட்டிலே நகர்ந்தது, அவன் விடவில்லை.

"விடுங்கடா," என்றான் மூச்சு வாங்க. "மொத மாடி வரைக்கும் போவீங்க. அப்புறம் இவனுக்கு இடுப்பு, அவனுக்கு முட்டி. மாத்த ஆள் வேணும். அப்ப அவன் வருவான்." என்னைக் காட்டினான். "கைய வச்சுட்டு சும்மா நிக்கற ஜென்மமா அது?"

"நான் தொட மாட்டேன். வீட்டுல சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

"நீ சத்தியம் பண்ணின லட்சணம் எனக்குத் தெரியாதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்டா, செத்துப்போறதுன்னு முடிவு பண்ணிட்டியா? அத அன்னிக்கே பண்ணியிருந்தா மலையிலயே போட்டுட்டு வந்திருப்போமே. எங்க தோள்பட்டையாவது மிஞ்சியிருக்கும்."

இதைக் கேட்டு அவன் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பீப்பாய்க்குக் கோபம் வரவில்லை.

"மலையில நான் வானத்தப் பாத்துட்டு வந்தேன்," என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சை இழுத்தான். "இங்க உன் மூஞ்சியப் பாத்துட்டுதான் எறங்கறேன். ஒவ்வொரு படிக்கும். நீ சாகறத நேருக்கு நேரா பாத்துட்டே எறங்கச் சொல்றியா? என்னால முடியாது."

நான் வெளியே வந்துவிட்டேன். போய்விடுவது என்றுதான் வந்தேன். பிடிவாதக்காரனிடம் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது? ஆனால் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. பிடித்து எழக் கைப்பிடிக் கம்பி இரண்டு படி தள்ளித்தான் ஆரம்பித்தது. கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே ஒரு படி கீழே நகர்ந்தேன். இன்னொரு படி நகர்ந்தேன். கம்பி கைக்கு எட்டியது. நான் அதைப் பிடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு வலிக்கவில்லை. யாரும் என்னைத் தூக்கவுமில்லை.

எத்தனை மாதமாக மூன்று பேரும் முதுகை ஒடித்துக்கொண்டிருக்கிறோம். ஒருவனுக்குக்கூட இது தோன்றவில்லை. அடிபட்டவனைத் தூக்க வேண்டும் என்று மட்டும்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவன் கை இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு காலும் மிச்சம் இருக்கிறது என்று நாங்கள் யோசித்ததே இல்லை. எங்களைப் போல மடையர்கள் வேறு எங்கும் கிடைக்க மாட்டார்கள்.

கம்பியைப் பிடித்து எழுந்து உள்ளே போனேன்.

"நாங்க தூக்கல. நீயே எறங்கு."

"எப்படி எறங்குவேன்? பறந்தா?"

"உக்காந்து. ஒவ்வொரு படியா. கைய ஊனி."

அவனுக்குப் புரிந்தது. முகம் சிவந்தது. "கொழந்த மாதிரி தேச்சுட்டா? அத்தன வீட்டுக்காரங்களும் வேடிக்க பாப்பாங்க. ஒத்தக் கால நீட்டிக்கிட்டு, பின்பக்கத்தத் தேச்சுக்கிட்டு... போடா."

"நானும் தேச்சுட்டு வர்றேன்."

"உனக்கென்ன தலையெழுத்து?"

"எனக்கும் படி எறங்க முடியல. டாக்டரக் கேட்டுப் பாரு."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை. பீப்பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த ஒரு கையை எடுத்தான். கொஞ்சம் கழித்து இன்னொன்றையும் எடுத்தான்.

வாசல் வரைக்கும் நாற்காலியோடு இழுத்து வந்து மேல்படியில் உட்கார வைத்தோம். அவன் மனைவி ஒரு பழைய போர்வையை மடித்து அவனுக்கு அடியில் கொடுத்தாள். நான் அவனுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தேன். நெட்டை நாற்காலி வாரை அவன் இடுப்பில் மட்டும் கட்டி, மேலிருந்து பிடித்துக்கொண்டு நின்றான். நாலைந்து படி குனிந்தே வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு நானும் உக்காரலாம்" என்று அவனும் உட்கார்ந்தான்.

"உக்காந்தா எந்திரிக்க மாட்ட," என்றான் டிரைவர்.

"கீழ போய் நீ தூக்கி விடு."

"எனக்கு பெல்ட் இருக்கு. நான் யாரையும் தூக்கறதா இல்ல," என்று சொல்லிவிட்டு டிரைவரும் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நாலு கிழவர்கள் படிக்கட்டை அடைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நகர்ந்தோம். பின்னால் பையோடு அவள் வந்தாள். அழுதாளா சிரித்தாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இரண்டாம் மாடிக்காரர் பனியனோடு கதவைத் திறந்தார். எங்களை ஒரு நிமிஷம் பார்த்தார். "என்ன சார், என்னாச்சு?"

"லிஃப்ட் வேலை செய்யல," என்றான் டிரைவர்.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் என்றைக்கு இருந்தது? அவர் தலையாட்டிவிட்டு, வாசலில் கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கி வழிவிட்டார். பீப்பாயின் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான்.

முதல் மாடியைத் தாண்டுவதற்குள் அவனுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. நாலு படிக்கு ஒருமுறை நின்றோம், பிறகு இரண்டு படிக்கு ஒருமுறை. கடைசியில் அவன் கையை எடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கழுத்துக்குப் போனது. கீழே வண்டி தெரிந்தது, டிரைவர் திறந்து வைத்துவிட்டு வந்த கதவும் தெரிந்தது.

"முடியலடா. விட்டுடுங்க. போதும்."

நெட்டை மேலிருந்து என்னைப் பார்த்தான், ஏதாவது சொல் என்பது போல. நாள் முழுக்கப் பேசுகிறவன் நான்தானே. எனக்கும் மூச்சு முட்டியது. பீப்பாயின் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். சாய்ந்துகொள்ள வேறு இடமும் இல்லை. அவன் கையை என் தலைமேல் வைத்தான்.

"ஏன்டா இப்படி என் பின்னாடியே அலையறீங்க?" என்றான். "உங்களுக்கு வேற வேலை இல்ல?"

"இல்ல," என்றேன். "பட்டாளத்துலயும் நான் ஒன்னும் பெருசா கிழிக்கல. வீட்டுலயும் கிழிக்கல. கிடங்கு வாசல்ல உக்காந்து கொட்டாவி விடறேன். உன்ன உயிரோட எறக்குனது ஒன்னுதான் நான் உருப்படியா செஞ்ச காரியம். அதையும் இல்லன்னு ஆக்கிடாதடா."

பீப்பாய் என் தலையிலிருந்து கையை எடுத்துப் படியில் ஊன்றினான். மற்ற கையையும் ஊன்றினான். நான் ஒரு படி கீழே நகர்ந்து இடம் விட்டேன். அவன் இறங்கினான்.